அக்காவைத் தூங்கவிடாத பகல்கள்

முதல் அறிகுறியை நாங்கள் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்து பதினெட்டாவது நாள். காலை பத்து மணி இருக்கும். நான் நைட் ஷிப்ட் முடித்து வந்து, நாலு இட்லி தின்றுவிட்டு, கண் எரிய அவள் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் அவள் தலை தொங்க ஆரம்பித்துவிடும். அன்று நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“நீ போய் படுத்துக்கோடா. எனக்குத் தூக்கமே வரல. சத்தியமா வரல.”

அப்பாடா என்றிருந்தது எனக்கு. பாயை விரித்துப் படுத்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் பிள்ளை பெற்ற ஒருத்தி இதே வார்த்தையை, இதே மலர்ந்த முகத்தோடு சொல்லலாம். அன்று நீங்கள் என்னைப் போல் பாய் விரித்துப் படுத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு எர்ணாவூரில், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடியில். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவள் பகலில் தூங்கக் கூடாது. தூங்கினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், முகம் ஊதிவிடும், தலைபாரம் ஆயுசுக்கும் போகாது என்பார்கள். அம்மா எங்கள் இருவரையும் பெற்றபோது அப்படித்தான் முழித்துக் கிடந்தாளாம். அம்மா ஒரு கம்பெனியில் துப்புரவு வேலைக்குப் போகிறாள், காலை ஆறு முதல் இரண்டு வரை. அந்த நேரத்துக்கு அக்காவைக் காவல் காக்கும் வேலை எனக்கு வந்தது.

“ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கிறவன்தானே நீ. உனக்கு இன்னா பெரிய கஷ்டம்? நான் வர்ற வரைக்கும் அவள தூங்கவுடாம பாத்துக்கோ” என்றாள் அம்மா.

நான் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் இரவு வேலை பார்த்தேன். உள்ளே வரும் பெட்டிகளின் நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. தூக்கம் கெட்டால் உடம்பு என்ன ஆகும் என்று எங்கள் வீட்டிலேயே நன்றாகத் தெரிந்த ஆள் நான்தான்.

ராத்திரி முழுக்க ஒரு மணிக்கு ஒரு தடவை குழந்தை பாலுக்கு எழுப்பும். பகலில் நான். அக்கா கண்ணை மூடினால் கீரை ஆயக் கொடுப்பேன். டிவி சத்தத்தை ஏற்றுவேன். ஈரத்துண்டை முகத்தில் போடுவேன். அதை ஒரு விளையாட்டுபோலத்தான் செய்தேன்.

“டேய், அஞ்சே நிமிஷம்டா. அம்மாகிட்ட சொல்லாத.”

“அஞ்சு நிமிஷம்னு ஆரம்பிச்சா அரை அவர் ஆவும். எழுந்து குந்துக்கா.”

“நீ வாட்ச்மேன் வேலைக்குப் போயிருக்கலாம். உன் டிகிரியே வேஸ்ட்டுடா.”

அந்த டிகிரிக்காக எட்டாவதோடு நின்று துணிக் கம்பெனிக்குப் போனவள் அவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கையில் போன் இருந்தது. பிள்ளை பெற்றவளைத் தூங்கவிடாமல் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட அதில் தேடிப் பார்க்கவில்லை.

இதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

அக்காவுக்குக் கல்யாணமாகி மாத்தூருக்குப் போய் எட்டு மாதத்தில் எங்கள் அப்பா இறந்தார். அவர் டிரெய்லர் டிரைவர். ஹார்பருக்குள் போகக் காத்திருக்கும் வண்டி வரிசையில், ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தபடி, மாரடைப்பில் போய்விட்டார். அக்கா அப்போது ஐந்து மாதம்.

மாசமாக இருப்பவள் பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அவளை மாத்தூரிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அவள் எனக்குப் போன் மேல் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் நான் வீடியோ போட்டு, கேமராவை அப்பா பக்கம் திருப்பினேன். அதற்குள் எங்கள் சித்தி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வயித்துல கீற புள்ளைக்கு ஆவாதுடா. படிச்சவன்தானே நீ?”

அக்கா பார்த்தது கண்ணாடிப் பெட்டியின் மேல் அடித்த டியூப் லைட் வெளிச்சத்தை மட்டும்தான். அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

காரியம் முடிந்த பிறகு வந்தாள். அழவில்லை. அம்மாவுக்குச் சோறு ஊட்டினாள், வந்தவர்களுக்கு டீ கொடுத்தாள். தைரியமான பொண்ணு என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

பதினெட்டாம் நாளுக்குத் திரும்பி வருகிறேன். அதற்குப் பிறகு அவள் தூங்குவது ராத்திரியிலும் நின்றுபோனது. ஆனால் சோர்வு இல்லை. பீரோவில் இருந்த துணி முழுவதையும் எடுத்துத் துவைத்தாள். சமையலறைச் சுவரைச் சுரண்டினாள். குழந்தைக்குப் பெயர் தேடுகிறேன் என்று என் பழைய காலேஜ் நோட்டு ஒன்றை முழுக்கப் பெயர்களாக எழுதி நிரப்பினாள். பேச்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியது. பல வருடமாகப் பேசாத சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சிரித்தாள்.

“பிரசவ லேகியம் நல்லா வேலை செய்யுது” என்றாள் அம்மா, பெருமையாக.

எதிர்வீட்டு மல்லிகா அக்கா மட்டும் வாசலில் நின்று பார்த்துவிட்டு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள். “இன்னாக்கா இது, ரேடியோ பொட்டி மாதிரி பேசிகினே கீறா? ஜன்னி கண்டிருக்கப்போவுது, பாத்துக்கோ.”

“உன் வாயக் கழுவு” என்று அம்மா கதவைச் சாத்தினாள்.

இருபத்தொன்பதாவது நாள். மறுநாள் பெயர் வைக்கும் விசேஷம். மதியம் நான் அசந்து தூங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அப்பாவின் கூட்டாளி சேகர் அண்ணன், அவரும் டிரெய்லர் ஓட்டுகிறவர்.

“டேய், உங்க அக்கா இங்க எக்ஸ்பிரஸ் ரோட்ல கீதுடா. கையில கொழந்த வேற. வண்டி வண்டியா தட்டிகினு வருது. ஓடியா.”

ஓடினேன். ஹார்பருக்குள் போகக் காத்திருந்த டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றிருந்தன. அக்கா கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். தலை நிறையப் பூ. ஒரு கையில் டிபன் கேரியர், தோளில் குழந்தை. குழந்தையின் தலையில் ஒரு துணிகூட இல்லை. ஒவ்வொரு வண்டியின் கதவையும் தட்டி, உள்ளே இருப்பவரை அண்ணாந்து பார்த்து விசாரித்துக்கொண்டு போனாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

“நைனாக்கு சோறு எடுத்தாந்தேன்டா. க்யூ நவுரவே இல்ல பாரு, பசிக்காது?” அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

“அக்கா, நைனா செத்துட்டாருக்கா.”

“நீ பாத்த. நான் பாத்தனா?”

சேகர் அண்ணன் குழந்தையை வாங்கிக் கொண்டு வண்டியின் நிழலில் உட்கார்ந்தார். அதன் முகம் சிவந்து, உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தது.

முதலில் குழந்தைக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அக்காவின் கணவர் ரவி மாமாவும் வேலை பார்த்த இடத்திலிருந்து நேராக அங்கே வந்தார். குழந்தைக்கு டிரிப்ஸ் ஏற்றிய டாக்டர், பக்கத்தில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அக்காவைக் கவனித்துவிட்டு, மனநல மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். குழந்தை இரண்டு நாளில் தேறியது. அக்காவை வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்று பிரிந்தவர்கள் இருவரும்.

மனநல டாக்டர் ஒரு பெண். அவசரமில்லாமல் பேசினார்.

“இப்ப இருக்கிறது மேனியா (மனமும் உடம்பும் கட்டுக்கு மீறி வேகமெடுக்கும் நிலை). பிரசவத்துக்கு அப்புறம் இப்படி வந்தா, அது பைபோலாரோட ஆரம்பமா இருக்கலாம் (மனம் ஒரு காலம் உச்சத்துக்கும் இன்னொரு காலம் பாதாளத்துக்கும் போகும் நோய்). நாள் போனாதான் உறுதியா சொல்ல முடியும். போன ஒரு வருஷத்துல வீட்ல என்னென்ன நடந்தது? நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்க.”

சொன்னேன். கல்யாணம், புது வீடு, அப்பா, பிரசவம். சொந்தத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அப்பாவின் தம்பி ஒருவர் சில மாதம் ஓயாமல் பேசுவார், சில மாதம் வாயே திறக்க மாட்டார். குடியால் என்று நினைத்திருந்தோம். அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசியாக, “பகல்ல நான்தான் அவளத் தூங்கவிடல டாக்டர்” என்றேன்.

அவர் பேனாவை வைத்தார். “ஒரே ஒரு காரணம்னு எதையும் காட்ட முடியாது. பரம்பரை இருக்கு. பெரிய பெரிய விஷயம் ஒரே வருஷத்துல நடந்திருக்கு. பிரசவம் உடம்பையே புரட்டிப்போடுது. தூக்கம் கெட்டதும் அதுல ஒண்ணு.”

உனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நேர்மைக்கு இன்று நன்றி சொல்கிறேன். அன்று வராந்தாவில் போய் நின்று அழுதேன்.

லித்தியம் (மனநிலை ஏறி இறங்காமல் பிடித்து வைக்கும் உப்பு மருந்து) ஆரம்பித்தார்கள். மருந்து பாலில் இறங்கும் என்பதால் தாய்ப்பால் நிறுத்த வேண்டும் என்றார்கள். மார்பு கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து, அக்கா வார்டில் ஒவ்வொரு நர்ஸாகப் பிடித்துக் கேட்டாள், “என் கொழந்தக்கி மணி ஆச்சு, கூட்டினு வாங்க.” நனைந்த ரவிக்கைக்குள் அம்மா துண்டை மடித்து மடித்து வைத்தாள்.

குழந்தை மாத்தூருக்குப் போனது. பால் பவுடர், புட்டி, கல்யாணமாகாத ஒரு நாத்தனார். யாழினி என்று பெயர் வைத்தார்கள். அக்கா எழுதிய அத்தனை பெயர்களில் அது இல்லை.

வேகம் இறங்கியது. பிறகு நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பல் தேய்க்கக்கூட அம்மா எழுப்ப வேண்டும். ஒரு நாள் தலை பின்னிவிடும்போது அம்மாவிடம் கேட்டாளாம், “அந்த வெயில்ல அது செத்திருந்தா என்னை இன்னா பண்ணியிருப்பீங்க?” அந்தக் காலத்தில் அவளைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டோம். டாக்டர் சொன்னது அதுதான். உச்சத்தைவிட இந்தப் பள்ளம்தான் பயங்கரமானது, இங்கேதான் அதிகம் கூடவே இருக்க வேண்டும்.

மெல்ல மெல்லத் தேறினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்தூர் போய்க் குழந்தையைப் பார்த்துவர ஆரம்பித்தோம். அக்காவின் மாமியார் கெட்டவர் இல்லை. என்னிடம் நேராகவே சொன்னார்.

“உங்க அக்கா மேல எனக்குக் கோவம் இல்லப்பா. பயம். ஒரு வருஷம் ஒண்ணும் வராம இருக்கட்டும். அப்புறம் புள்ளய அவகிட்டயே குடுத்துடறேன், நானே சொல்றேன்.”

ஒரு வருடம். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரை தவறவில்லை, ரத்தப் பரிசோதனை தவறவில்லை.

குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு மாத்தூரில் கேக் வெட்டினார்கள். அக்கா ஸ்பூனில் எடுத்து ஊட்டப்போனாள். லித்தியத்தால் அவள் கை லேசாக நடுங்கும். அன்று கூட்டத்தில் இன்னும் நடுங்கியது. கேக் குழந்தையின் சட்டையில் விழுந்தது.

“கை உதறுது பாரு. இதுகிட்ட எப்பிடிப் புள்ளய குடுப்பாங்க?” என்று யாரோ ஒரு பெண் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

அக்கா குனிந்து அந்தச் சட்டையைத் துடைத்துவிட்டாள். மறுநாளிலிருந்து மாத்திரையை விழுங்குவதை நிறுத்திவிட்டாள். எங்கள் கண்ணெதிரே வாயில் போடுவாள், தண்ணீர் குடிப்பாள், பிறகு போய்த் துப்பிவிடுவாள். இது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

கை நடுக்கம் நின்றது. முகம் தெளிந்தது. நாங்கள் எல்லோரும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ரவி மாமாவே பைக்கில் கொண்டுவந்து குழந்தையைப் பத்து நாளைக்கு எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். “நல்லாத்தான் கீறா மச்சான். அம்மாவும் சரின்னுட்டாங்க. அடுத்த மாசம் ரெண்டு பேரையும் சேத்து கூட்டினு போயிடறேன்” என்றார்.

ஆறாவது நாள் காலை. ஷிப்ட் முடித்து வந்தேன். அக்கா பாத்ரூமில் குழந்தையைத் தலைக்குக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை விறைத்து நடுங்கியது. காலையிலிருந்து இது மூன்றாவது குளியல் என்றாள், குழந்தைக்காக லீவு போட்டிருந்த அம்மா, குரல் இறங்கி.

“அழுக்கு போவவே மாட்டேங்குதுடா” என்றாள் அக்கா. சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

“ராத்திரி தூங்குனியாக்கா?”

“தூக்கம் எதுக்குடா? புள்ள வந்துடுச்சு இல்ல.”

நான் மாடிப்படியில் இறங்கி நின்று மாத்தூருக்குப் போன் செய்தேன். வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான்.

இரண்டாவது முறையும் ஆஸ்பத்திரி. மருந்து ஏறித் தெளிந்த பிறகு, பார்க்கப் போன ஒரு நாள் கேட்டாள்.

“நீதான் போன் பண்ணியா?”

“ஆமாக்கா.”

“சரி.”

இன்றுவரை அதைப் பற்றி அவள் பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

நடுக்கத்தைப் பற்றி டாக்டரிடம் முன்பே சொல்லியிருந்தால் மருந்தின் அளவை மாற்றியிருப்பார். அதற்கென்று தனி மாத்திரையும் இருக்கிறதாம். சின்ன விஷயம் என்று நாங்கள் சொல்லவேயில்லை. பக்கவிளைவு எதுவானாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நோயாளி பிறருக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தினால் திட்டுவதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள். தூக்கம் திடீரென்று குறைந்து, அதோடு உற்சாகமும் கூடினால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லித்தியம் சாப்பிடுகிறவர் தண்ணீர் குறையாமல் குடிக்க வேண்டும், உப்பைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. இதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். எந்தப் பரீட்சைக்கும் நான் இவ்வளவு படித்ததில்லை. முடிந்துபோன பரீட்சைக்குப் படித்திருக்கிறேன்.

ஒரு வருடம் என்ற பேச்சு அதற்குப் பிறகு யார் வாயிலும் வரவில்லை. ரவி மாமா மாதம் ஒரு முறை வந்து அக்காவிடம் பேசிவிட்டுப் போவார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை. பேச்சுவார்த்தை, பஞ்சாயத்து எதுவும் இல்லாமல், குழந்தை மாத்தூரில்தான் என்று ஆகிவிட்டது.

இப்போது யாழினிக்கு இரண்டரை வயது. ஞாயிறு பதினொரு மணிக்கு மாமா எங்கள் வீட்டில் விட்டு, நாலு மணிக்கு வந்து கூட்டிப்போவார். அக்காவுக்கு ஒரு வாரம் என்பது இந்த ஐந்து மணி நேரம்தான். மற்ற நாட்களில் ஒன்பது மணிக்குப் படுக்கை, ஆறு மணிக்கு எழுதல். டாக்டர் கொடுத்த தாளில் தூங்கிய நேரத்தைத் தினமும் எழுதுகிறாள். நானும் பகல் ஷிப்டுக்கு மாறிவிட்டேன்.

குழந்தை நாத்தனாரை அம்மா என்கிறது. அக்காவைப் பெயர் சேர்த்துச் சுமதிம்மா என்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் தரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். யாழினி ஒரு பிளாஸ்டிக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, “நான் இல்ல, நான் இல்ல” என்று சொல்லிக்கொண்டு வந்து அக்காவின் மடியில் மோதினாள். அக்கா சிரித்தாள். மறுபடியும் மோதினாள். அக்கா வாய்விட்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள். அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

“அக்கா, மெதுவா” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

அக்கா பாதியிலேயே சிரிப்பை நிறுத்திவிட்டாள். கையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போல.

“இது நார்மல்தானேடா? ஜாஸ்தியா போவுதா?”

“நார்மல்தான்க்கா. சிரி.”

“சந்தோஷம் வந்தாலே பயமா கீதுடா. எது நானு, எது அதுன்னு தெரில.”

யாழினி கூடையைத் தூக்கிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “சுமதிம்மா, சிரி. இன்னொரு வாட்டி” என்றாள்.

அக்கா சிரித்தாள். சத்தம் வராமல், பல் கொஞ்சமாகத் தெரிகிற, அளவான சிரிப்பு. குழந்தை அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து ஜன்னலருகே போய், தன் அப்பாவின் பைக் வருகிறதா என்று எட்டிப் பார்த்தது. மணி இரண்டுகூட ஆகவில்லை.